பொம்மைக்குள் ஒரு பாட்டுப்பெட்டி!

குட்டீஸ்... கடலூர் மாவட்டத்தில் இருக்கும் விருத்தாசலத்துக்குப் போயிருக்கிறீர்களா? மணிமுத்தாற்றங்கரையில், விருத்தகிரீஸ்வரர் கோவிலைச் சுற்றி அமைந்த பழமையான ஊர் அது. அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு. அதுதான், 'செராமிக் நகரம்!' செராமிக் என்றால் வேறொன்றும் இல்லை. களிமண்ணைப் பக்குவப்படுத்தி, உருவம் கொடுத்து, சூளையில் சுட்டு எடுக்கும் பீங்கான் பொருட்கள்தான். இதற்காகவே அங்கே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழிலைப் பாடமாகவே சொல்லித் தரும் அரசு கல்வி நிலையமும் இருக்கிறது. அகல் விளக்கு, மின்சார பியூஸ் கட்டை, அழகழகான பொம்மைகள் என்று விதவிதமாகச் செய்கிறார்கள்.

அப்படி ஒரு பீங்கான் பொம்மையைக் கையில் எடுக்கிறீர்கள். பளபளக்கும் கன்னம், சிவந்த உதடு, உருண்டைக் கண்கள்! அது திடீரென்று வாய் திறந்து ஒரு பாட்டுப் பாடினால் எப்படி இருக்கும்?

ஒருவர் அப்படி ஒரு பொம்மையை நிஜமாகவே செய்தார். அதுவும் 1890ம் ஆண்டில்! ரேடியோ கிடையாது, டேப் ரெக்கார்டர் கிடையாது, கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சே கிடையாது. அந்தக் காலத்தில், கையில் தூக்கிக்கொண்டு போகும் ஒரு பொம்மைக்குள் பாட்டுப்பெட்டியை வைத்தார் அவர். இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? பாட்டைப் பெட்டிக்குள் பிடித்து வைத்த அவருக்குக் காது சரியாகக் கேட்காது!

அவர்தான், தாமஸ் ஆல்வா எடிசன். மின்விளக்கோடு சேர்த்து அவரை நமக்குத் தெரியும். இன்று அவருடைய பாட்டுப்பெட்டியின் கதையைப் பார்ப்போம்.

ரயிலில் ஒரு சோதனைச் சாலை

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், மிலன் என்ற சிற்றூரில், 1847ம் ஆண்டு பிப்ரவரி 11ம் தேதி பிறந்தார் எடிசன். தந்தை சாமுவேல், தாய் நான்சி. ஏழு குழந்தைகளில் இவர்தான் கடைக்குட்டி. இவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள போர்ட் ஹூரன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எடிசன் போனது சில மாதங்கள்தான். எதைக் கேட்டாலும் திருப்பிக் கேள்வி கேட்கும் இந்தப் பையனை ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. அம்மா முன்பு ஆசிரியையாக இருந்தவர் என்பதால், வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். (பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அம்மா மாற்றிப் படித்துக் காட்டினார் என்று ஒரு கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அம்மா தந்த ஊக்கம் மட்டும் முழு உண்மை!)

12 வயதில் எடிசன் ரயிலில் ஏறினார். பயணம் செய்வதற்கு அல்ல. செய்தித்தாளும் மிட்டாயும் விற்பதற்கு! போர்ட் ஹூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே தினமும் ஓடும் ரயில் அது. பொருட்கள் ஏற்றும் பெட்டியில் ஒரு மூலையைப் பிடித்து, அங்கே ரசாயனப் பாட்டில்களை அடுக்கி, ஓய்வு நேரத்தில் சோதனைகள் செய்தார். அதே பெட்டியில் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வைத்துத் தானே ஒரு செய்தித்தாளும் அடித்து விற்றார். ஒரு நாள் ரசாயனம் கொட்டித் தீப்பிடித்தது. சோதனைச் சாலை இழுத்து மூடப்பட்டது.

காது கேட்காமல் போனதும் இந்தச் சிறு வயதில்தான். சிறு பிள்ளையாக இருந்தபோது வந்த விஷக் காய்ச்சல் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள். ஓடும் ரயிலில் ஏற முயன்றபோது ஒருவர் காதைப் பிடித்துத் தூக்கியதால் என்று எடிசனே ஒரு கதை சொல்லியிருக்கிறார். எப்படியோ, பறவைகளின் குரலை அவரால் அதன் பிறகு கேட்க முடியவில்லை.

1862ம் ஆண்டு, மவுண்ட் கிளெமன்ஸ் ரயில் நிலையத்தில், தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையை நோக்கி ஒரு சரக்குப் பெட்டி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து சென்று குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றினார். குழந்தையின் தந்தை, அந்த நிலையத்தின் அதிகாரி. நன்றிக் கடனாக அவர் எடிசனுக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். அந்தக் கல்விதான் எடிசனின் வாழ்க்கையையே மாற்றியது. பின்னாளில் தன் மூத்த மகளுக்கு 'டாட்' என்றும், அடுத்த மகனுக்கு 'டேஷ்' என்றும் செல்லப்பெயர் வைத்தார். தந்தியில் வரும் புள்ளி, கோடு ஆகிய இரண்டின் பெயர்கள்தான் அவை!

தகரத் தாளில் ஒரு குரல்

1876ம் ஆண்டு, நியூஜெர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற இடத்தில் தன் சோதனைச் சாலையை அமைத்தார் எடிசன். அடுத்த ஆண்டு இரண்டு வேலைகளில் மூழ்கியிருந்தார். ஒன்று, தந்திச் செய்தியைக் காகிதத்தில் புள்ளிகளாகக் குத்தி வைத்து, மறுபடி வேகமாக அனுப்பும் கருவி. இன்னொன்று, டெலிபோன்.

டெலிபோனில் பேசினால் ஒரு மெல்லிய தகடு அதிரும். அந்த அதிர்வைக் காதால் சரியாகக் கேட்க முடியாத எடிசன், வேறொரு வழி கண்டுபிடித்தார். தகட்டில் ஒரு சிறு ஊசியைப் பொருத்தி, ஊசி முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். சத்தமாகப் பேசினால் ஊசி விரலில் குத்தியது. மெல்லப் பேசினால் மெல்ல உறுத்தியது. அப்போதுதான் பளிச்சென்று ஒரு யோசனை! விரலைக் குத்தும் ஊசி, ஏதாவது மெல்லிய தாளில் குத்தினால், அங்கே குரலின் தடம் பதியும் அல்லவா? அந்தத் தடத்தின் மேல் மறுபடி ஊசியை ஓட்டினால், தகடு அதே மாதிரி அதிருமே! அதே குரல் திரும்ப வருமே!

ஒரு படம் வரைந்து, தன்னிடம் வேலை பார்த்த ஜான் குருசி என்ற திறமையான கைவினைஞரிடம் கொடுத்தார். 1877ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் இயந்திரம் தயாரானது. பித்தளை உருளை ஒன்று. அதைச் சுற்றித் திருகாணி போல ஒரு பள்ளம். உருளையின் மேல் தகரத் தாள் சுற்றப்பட்டிருந்தது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, குழந்தைகள் பாடும் ஆட்டுக்குட்டிப் பாட்டை எடிசன் உரக்கச் சொன்னார். பிறகு ஊசியைத் துவக்கத்துக்குக் கொண்டு வந்து, மறுபடி சுற்றினார். இயந்திரம் அவருடைய குரலிலேயே பாட்டைத் திருப்பிச் சொன்னது! சுற்றி நின்ற எல்லோரும் அசந்து போனார்கள். எடிசனுக்கே நம்ப முடியவில்லை.

டிசம்பர் 7ம் தேதி நியூயார்க்கில் ஓர் அறிவியல் பத்திரிகை அலுவலகத்தில் இதைக் காட்டினார். 1878ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஹேய்ஸ் தன் மாளிகைக்கு வரவழைத்து, நள்ளிரவு தாண்டியும் இதைக் கேட்டு மகிழ்ந்தார். எடிசனுக்கு அப்போது வயது 31தான். மென்லோ பார்க்கின் மந்திரவாதி என்று உலகமே அவரை அழைத்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒலியைப் பதிவு செய்த முதல் மனிதர் எடிசன் அல்ல. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஸ்காட் என்பவர் 1857ம் ஆண்டிலேயே, புகைக்கரி பூசிய தாளில் ஒலியைக் கோடாக வரைந்து காட்டினார். ஆனால் அந்தக் கோட்டிலிருந்து ஒலியைத் திரும்ப வரவழைக்க அவருக்கு வழி தெரியவில்லை. திரும்ப வரவழைத்ததுதான் எடிசனின் சாதனை!

இந்தக் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று 1878ல் ஒரு பட்டியல் எழுதினார் எடிசன். பார்வையற்றவர்களுக்குப் பேசும் புத்தகம், பேச்சுப் பயிற்சி, வீட்டுப் பெரியவர்களின் குரலைச் சேமித்து வைப்பது, இசை... அந்தப் பட்டியலில் பேசும் பொம்மைகளும் இருந்தன!

பேசிய பொம்மை

ஆனால் தகரத் தாள் சில முறை ஓடியதுமே கிழிந்துவிடும். எடிசனோ மின்விளக்கில் மூழ்கிவிட்டார். பத்து ஆண்டுகள் போனோகிராப் தூங்கியது. அதற்குள் மற்றவர்கள் தகரத் தாளுக்குப் பதிலாக மெழுகில் குரலைப் பதிய வைத்து, நல்ல கருவி ஒன்றைச் செய்துவிட்டார்கள். எடிசனுக்கு ரோஷம் வந்தது. வெஸ்ட் ஆரஞ்ச் என்ற இடத்தில் கட்டிய புதிய சோதனைச் சாலையில், இரவு பகல் பாராமல் உழைத்து, 1888ம் ஆண்டு ஜூனில் புதிய போனோகிராப்பை முடித்தார். தூக்கமில்லாமல் களைத்துப் போய், கருவியின் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் அவருடைய புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

அதன் பிறகுதான் பொம்மை வந்தது. ஜெர்மனியில் செய்த அழகிய பீங்கான் தலை. தகரத்தால் ஆன உடம்பு. மரக் கை, மரக் கால். உயரம் சுமார் 22 அங்குலம். எடை கிட்டத்தட்ட இரண்டு கிலோ. மார்பில் சல்லடை மாதிரி துளைகள். உள்ளே மெழுகு வளையத்துடன் ஒரு குட்டி போனோகிராப். முதுகில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால், பொம்மை ஒரு சிறு பாட்டைச் சொல்லும். வீட்டில் கேட்பதற்காகக் கடையில் விலைக்கு வந்த முதல் போனோகிராப்பே இந்தப் பொம்மைதான் என்று சொல்வார்கள்.

ஒரு பதிவிலிருந்து பல நகல் எடுக்கும் வழி அப்போது இல்லை. அதனால் தொழிற்சாலையில் இளம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகப் பாட்டைச் சொல்லிப் பதிவு செய்தார்கள். நாள் முழுவதும் அதே பாட்டு! அந்தப் பெண்களின் பெயர்கள்கூட நமக்குத் தெரியாது.

1890ம் ஆண்டு வசந்த காலத்தில் பொம்மை விற்பனைக்கு வந்தது. விலை 10 டாலர். அந்தக் காலத்தில் அது ஒரு தொழிலாளியின் ஒரு வாரக் கூலிக்கும் மேல்! ஆசையாக வாங்கிய குழந்தைகள் கைப்பிடியைச் சுற்றினார்கள். வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சென்றது. மெல்லச் சுற்றினால் பேய் முனகுவது போல இழுத்தது. ஒரே வேகத்தில் சுற்ற குழந்தைகளின் கைக்கு வரவில்லை. இரும்பு ஊசி மெழுகைச் சுரண்டித் தின்றது. சில நாட்களிலேயே குரல் தேய்ந்து, பிறகு இல்லாமலே போனது. சில குழந்தைகள் பயந்து அழவும் செய்தார்கள். கடைகளுக்குப் போன சுமார் 2,500 பொம்மைகளில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன. ஒன்றரை மாதத்தில் எல்லாம் முடிந்தது.

எடிசனின் பெருந்தோல்விகளில் இதுவும் ஒன்று. மிஞ்சிய பொம்மைகள் ஊமையாகி, வீட்டுப் பரண்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

பல்லால் கேட்ட இசை

எடிசன் சோர்ந்து போகவில்லை. நல்ல ஒலி வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இன்னும் அதிகமானது. போனோகிராப்பின் மரப்பெட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு இசை கேட்பார்! ஒலியின் அதிர்வு பல் வழியாக எலும்புக்குப் போய், அங்கிருந்து உட்காதுக்குச் சென்றது. (உங்கள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். சத்தம் கேட்கிறதா? அதேதான்!)

இதற்குள் எமில் பெர்லினர் என்பவர், உருளைக்குப் பதிலாகத் தட்டையான இசைத்தட்டைக் கொண்டு வந்திருந்தார். தோசை வார்ப்பது போல ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை எடுக்கலாம். இந்தியாவுக்கு வந்து பெரிய அளவில் வெற்றி பெற்றதும் இந்த முறைதான். 1902ம் ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவில் கவுஹர் ஜானின் பாட்டு இசைத்தட்டுக்காகப் பதிவானது. அதே நகரில் ஹேமேந்திர மோகன் போஸ் என்பவர் எடிசன் பாணி மெழுகு உருளைகளில் ரவீந்திரநாத் தாகூரின் குரலைப் பதிவு செய்தார்.

எடிசன் 1912ல் தன்னுடைய 'டயமண்ட் டிஸ்க்' என்ற தட்டை வெளியிட்டார். கால் அங்குல கனம்! வைர ஊசி! மற்றவர்களுடைய இரும்பு ஊசியை ஒவ்வொரு தட்டுக்கும் மாற்ற வேண்டும். இவருடைய வைர ஊசியை அப்படி அடிக்கடி மாற்ற வேண்டாம். ஒலியும் மற்றவற்றைவிடத் தெளிவு. 1915 முதல் ஊர் ஊராக ஒரு போட்டி நடத்தினார்கள். மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் ஒரு போனோகிராப். விளக்கை அணைத்துவிடுவார்கள். பாடுவது ஆளா, இயந்திரமா என்று கூட்டம் சொல்ல வேண்டும். பலராலும் சொல்ல முடியவில்லை! இதில் ஒரு சின்னத் தந்திரமும் இருந்தது. இயந்திரத்தின் குரலுக்கு ஒத்துப்போகும்படி தன் குரலைச் சற்று அடக்கிப் பாடியதாக ஒரு பாடகி பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் உலகப்போரின்போது, படைவீரர்கள் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கென்றே ஒரு போனோகிராப் பெட்டியையும் எடிசன் செய்து கொடுத்தார்.

இவ்வளவு நல்ல கருவி வெற்றி பெற்றிருக்க வேண்டும் அல்லவா? இல்லை! எந்தப் பாடகர், எந்தப் பாட்டு என்பதைக் காது கேளாத எடிசனே முடிவு செய்தார். குரலை அசைத்து நடுங்க விட்டுப் பாடுவது அவருக்குப் பிடிக்காது. ஜாஸ் இசை அறவே பிடிக்காது. மக்களுக்கோ அவைதான் பிடித்தன. தட்டில் பாடகரின் பெயரைப் போடவும் முதலில் மறுத்தார். அவருடைய தட்டு மற்றவர்களின் கருவியில் ஓடாது; மற்றவர்களின் தட்டு அவருடைய கருவியில் ஓடாது. 1925ல் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தபோதும் இரண்டு ஆண்டுகள் தயங்கி நின்றார். 1929ம் ஆண்டு அக்டோபரில் தட்டுத் தயாரிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஒலியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர், கேட்பவர்களின் விருப்பத்துக்குக் காது கொடுக்கவில்லை!

1931ம் ஆண்டு அக்டோபர் 18ம் தேதி, 84வது வயதில் எடிசன் காலமானார். அவர் பெயரில் அமெரிக்காவில் 1,093 காப்புரிமைகள் இருந்தன. அவருடைய இறுதிச் சடங்கு நாளன்று இரவு, அமெரிக்காவில் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்து மக்கள் அஞ்சலி செலுத்தினார்கள்.

மறுபடி பாடிய பொம்மை

கதை இதோடு முடியவில்லை குட்டீஸ்!

எடிசனின் பொம்மைகள் சில பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைப் பாட வைக்கத் தயங்கினார்கள். ஏன் தெரியுமா? மெழுகின் மேல் ஊசியை வைத்தால், மிச்சமிருக்கும் தடமும் அழிந்துபோகும். கேட்க ஆசைப்பட்டால் குரலே போய்விடும். கேட்காமல் இருந்தால் அதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. என்ன செய்வது?

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபர் என்ற இயற்பியல் விஞ்ஞானி இருந்தார். அணுத்துகள்களை ஆராயும் கருவிகளை மிக நுட்பமாக அளந்து பார்ப்பது அவருடைய வேலை. 2000ம் ஆண்டில் ஒரு நாள், பழைய ஒலிப்பதிவுகள் நூலகங்களில் அழிந்து வருவதை வானொலியில் கேட்டார். ஊசியே படாமல், கேமராவால் அந்தத் தடங்களை அளந்தால் என்ன என்று யோசித்தார். நண்பர் பதேயெவுடன் சேர்ந்து 'ஐரீன்' என்ற கருவியை உருவாக்கினார்.

நுண்ணோக்கி கேமரா, மெழுகின் மேல் இருக்கும் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் அந்தப் படங்களை ஒட்டி ஒரு வரைபடம் தயாரிக்கும். அந்தப் பாதையில் ஓர் ஊசி ஓடினால் எப்படி ஏறி இறங்கும் என்று கணக்குப் போட்டு, அதை ஒலியாக மாற்றும். மெழுகின் மேல் ஒரு தூசிகூட படாது!

எடிசன் பொம்மைக்காக 1888ல் செய்து பார்த்த ஓர் உலோக வளையம் நசுங்கிக் கிடந்தது. எந்தக் கருவியிலும் அதை ஓட்ட முடியாது. 2011ல் கம்ப்யூட்டர் அதைப் பாட வைத்தது. விண்மீனைப் பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்றை, ஒரு பெண் தெளிவாகச் சொன்னார். 2015ல், 1890ம் ஆண்டுப் பொம்மைகளின் மெழுகு வளையங்களும் இப்படியே பேசின. 125 ஆண்டுகள் கழித்து, பெயர் தெரியாத அந்தத் தொழிற்சாலைப் பெண்களின் குரல்களை உலகம் கேட்டது!

இன்று உங்கள் வீட்டு செல்போன்கூட ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பாட்டுப்பெட்டிதான். பாட்டு அதில் தடமாக இல்லை, எண்களாக இருக்கிறது. சி.டி.,யில் ஒரு விநாடி இசைக்கு, ஒவ்வொரு காதுக்கும் 44,100 எண்கள்! அந்த எண்களை மறுபடி மின் அதிர்வாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்ப, தனியாக ஒரு சிப் இருக்கிறது. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பலகையையும், அத்தகைய சிப்பையும், ஒரு பேட்டரியையும் இணைத்துத் தாங்களே அருமையான பாட்டுப்பெட்டி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களானதும் நீங்களும் செய்து பார்க்கலாம்.

அந்தச் செல்போனுக்குள் மின்சாரத்தைச் சேமித்துச் சீராகக் கொடுக்க, கடுகைவிடச் சிறிய பாகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எதனால் ஆனவை தெரியுமா? செராமிக்! விருத்தாசலம் பொம்மையும் அதுவும், மண்ணைப் போன்ற பொடியை உருவமாக்கிச் சூட்டில் சுட்டெடுக்கும் ஒரே தொழில் குடும்பத்துப் பிள்ளைகள்.

அடுத்த முறை ஒரு பீங்கான் பொம்மையைக் கையில் எடுத்தால், தோற்றுப்போன அந்த எடிசன் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். அது கடையில் தோற்றது. ஆனால் அதைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்தவர்களால்தான் ஒரு காலத்தின் குரலே நமக்குத் திரும்பக் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் பாட்டி பாடும் தாலாட்டும், தாத்தா சொல்லும் கதையும் இருக்கும் அல்லவா? இன்றைக்கே செல்போனில் பதிவு செய்து வையுங்கள். அதற்கு நீங்கள் கைப்பிடியைச் சுற்ற வேண்டியதில்லை. மெழுகு தேயுமே என்று பயப்படவும் வேண்டாம்!